நாலு பேரில் மூணு பேர் வேற விடை எழுதியிருந்தா, நம்ம விடை தப்பா?

தண்டையார்பேட்டையில் பத்தாவது படிக்கும் ஒரு மாணவி கேட்டது இது: "அரையாண்டு சோஷியல் பரீட்சை முடிஞ்சு வெளிய வந்து ஃப்ரெண்ட்ஸோட ஆன்சர் ஒத்துப் பார்த்தேன். ரஷ்யாவுல ஜார் மன்னர் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சி எப்ப நடந்ததுன்னு கேட்டிருந்தாங்க. நான் மார்ச் 1917, மத்த மூணு பேரும் பிப்ரவரி. முதல் உலகப்போர் முடிஞ்சது நான் 1918, ஒருத்தி 1919. 'போருக்கான காரணங்களை விவரி'க்கு நான் கூட்டணி, காலனிப் போட்டின்னு எழுதிட்டு சரயேவோவுல ஆஸ்திரிய இளவரசரைக் கொன்னதைக் கடைசியில ரெண்டு வரி எழுதினேன். ராயபுரத்துப் பொண்ணு ஒருத்தி பக்கம் பூரா கொலையைப் பத்தியே எழுதிட்டு அதுதான் காரணம்னு சொல்றா. ஜெர்மன் கப்பல் எம்டனோட குண்டு நம்ம கோட்டை மேல விழுந்துச்சுன்னும் சாதிக்கிறா. பன்னாட்டுச் சங்கத்துல சேராத நாடு எதுன்னு கேட்டதுக்கு ஆளுக்கு ஒண்ணு போட்டிருக்கோம். நாலுல மூணு பேர் வேற எழுதியிருந்தா என்னுதுதானே தப்பு? சாப்பாடே எறங்கல டீச்சர்."

முதலில் போய்ச் சாப்பிடுமா. நீ எழுதியது தப்பில்லை. உன் தோழிகள் எழுதியதிலும் பாதிக்கு மேல் தப்பில்லை. இரண்டு பக்கமும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்பாய். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பரீட்சை முடிந்த மதியத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப்பிங்கில் உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். கேள்வித்தாளை நாலாக மடித்து, ஒரு மார்க் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் அ, ஆ, இ, ஈ குறித்து வைத்திருப்பீர்கள். "ஒம்போதுக்கு இன்னா போட்ட?" "ஆ." "அய்யய்யோ, நான் இ போட்டுட்டேன்டீ." அதோடு அந்தக் கேள்வியின் கதை முடிந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். "ஏன் ஆ போட்ட?" என்று ஒருத்தியும் கேட்பதில்லை. மூன்று பேர் ஒரே எழுத்தைச் சொன்னால் நாலாவது ஆள் அங்கேயே முகம் வாடிவிடுகிறாள். கணக்குப் பாடத்தில் அப்படி ஒத்துப் பார்ப்பதில் ஓரளவு அர்த்தம் உண்டு. வரலாற்றில் தலையெண்ணி விடை கண்டுபிடிக்க முடியாது. அந்த மூன்று பேரும் ஒரே கைடைப் படித்தவர்களாக இருக்கலாம், அப்போது அது மூன்று சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். "ஏன்?" என்று கேட்டிருந்தால் உங்கள் சண்டையில் முக்கால்வாசி அந்த ஸ்டாப்பிங்கிலேயே தீர்ந்திருக்கும்.

ரஷ்யாவிலிருந்து தொடங்குகிறேன். 1917-இல் உலகத்தின் பெரும்பகுதி கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றியது, ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது. ஜூலியன் முறையில் நாலு வருடத்துக்கு ஒரு லீப் ஆண்டு கட்டாயம் வரும். ஆனால் பூமி சூரியனைச் சுற்றும் காலம் அந்தக் கணக்கைவிட ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் குறைவு. நூற்றாண்டுக் கணக்கில் அது சேர்ந்து சேர்ந்து நாள்களாகிவிட்டது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி இதைச் சரிசெய்தார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று அறிவித்தார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை வழிவந்த ரஷ்யா அதை ஏற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 13 நாள். ஆக, ரஷ்யத் தலைநகரான பெட்ரோகிராட் நகரத்தில் பிப்ரவரி 23 என்று காலண்டர் காட்டிய அதே நாள், லண்டனிலும் மதராஸிலும் மார்ச் 8.

மார்ச் 8 என்றதும் உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? பள்ளியில் மகளிர் தினம் கொண்டாடுகிறீர்களே, அதே நாள்தான். அன்று வீபர்க் என்ற தொழிற்சாலைப் பகுதியின் நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். போர் மூன்றாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. கடும் பனியில் ரொட்டிக் கடை வாசலில் விடியுமுன் போய் வரிசையில் நின்று, வெறுங்கையோடு ஆலைக்கு வேலைக்குப் போன பெண்கள் அவர்கள். ரொட்டிக்கு ரேஷன் வரப் போகிறது என்ற செய்தி பரவியதும் கடைகளில் அடிதடி. அந்தப் பெண்கள் தாங்கள் மட்டும் வெளியே வரவில்லை. பக்கத்து இரும்புப் பட்டறைகளின் வாசலுக்குப் போய், ஜன்னல்கள்மேல் பனியை உருண்டையாகப் பிடித்து எறிந்து, உள்ளேயிருந்த ஆண்களையும் "வெளியே வாங்க" என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாலாம் நாள் படையினர் கூட்டத்தைச் சுட்டார்கள். ஐந்தாம் நாள் அதே படையிலிருந்து சிப்பாய்கள் மக்கள் பக்கம் சேர்ந்தார்கள். முந்நூறு வருட ரோமானோவ் வம்சத்தின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பதவி விலகியது புதிய கணக்கில் மார்ச் 15, பழைய கணக்கில் மார்ச் 2. கவனித்தாயா, பழைய நாட்காட்டியின்படியே பார்த்தாலும் எழுச்சி பிப்ரவரியில், பதவி விலகல் மார்ச்சில். "புரட்சி தொடங்கியது" என்று கேட்டால் ஒரு தேதி, "ஜார் முடிதுறந்தது" என்று கேட்டால் வேறு தேதி.

லெனின் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் இதே கதைதான். பழைய கணக்கில் அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. அதனால்தான் அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழாவைச் சோவியத் நாடு நவம்பரில் கொண்டாடியது. பிறகு லெனினின் போல்ஷ்விக் அரசே நாட்காட்டியை மாற்றிவிட்டது: 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14.

இது எங்கோ ரஷ்யாவின் சிக்கல் என்று நினைத்துவிடாதே. நம் ஊர்க் கோட்டைக்கே இது வந்திருக்கிறது. 1746-இல் லா போர்டொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் அன்று வைத்திருந்த பழைய கணக்குப்படி அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. சரணடைந்தவருக்கு ஒரு தேதி, சரணை ஏற்றவருக்கு வேறு தேதி. அந்த நூற்றாண்டில் இடைவெளி 11 நாள். இங்கிலாந்து 1752-இல்தான் புதிய கணக்குக்கு மாறியது. அந்தச் சண்டை நடந்ததே ஆஸ்திரிய அரியணைக்கு யார் வாரிசு என்ற ஐரோப்பியத் தகராறில். 1748-இல் அங்கே சமாதானம் ஆனபோது, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்து, பதிலுக்கு மதராஸை வாங்கிக்கொண்டார்கள். இந்த இடைவெளியில் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள், மிச்சத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர் இடித்தார்கள். இப்போது உயர் நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில். வியன்னா அரண்மனையில் நடந்த வாரிசுத் தகராறுக்காக இங்கே நெசவாளியும் வியாபாரியும் வீடிழந்தார்கள். இன்றைக்கு மண்ணடி, முத்தியால்பேட்டைத் தெருக்களில் நடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். உலக வரலாறு நமக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

எனவே மார்ச் என்ற உன் விடையும் பிப்ரவரி என்ற அவர்கள் விடையும் ஒரே புரட்சியைத்தான் குறிக்கின்றன. இனிமேல் எழுதும்போது 'பிப்ரவரி புரட்சி (புதிய நாட்காட்டியின்படி மார்ச் 1917)' என்று இரண்டையும் எழுதிவிடு. திருத்துபவருக்கும் சந்தேகம் வராது.

பெட்ரோகிராட் பெண்களைப் பற்றிச் சொன்னதால் பெரம்பூரையும் சொல்லியாக வேண்டும். 1918 ஏப்ரல் 27-இல் பக்கிங்ஹாம், கர்நாடிக் (பி அண்ட் சி) ஆலைத் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று, பி.பி. வாடியாவைத் தலைவராக வைத்து உருவாக்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் அது ஒன்று. ரஷ்யாவைப் பார்த்துத்தான் இங்கே சங்கம் வைத்தார்கள் என்று எழுதிவிடாதே, வாடியா அன்னி பெசன்ட் அம்மையாரோடு பிரம்மஞான சபையில் இருந்தவர். ஆனால் போர்க்காலத்தில் அரிசியும் துணியும் விலையேறி, கூலி ஏறாமல் நின்ற கஷ்டம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். பி அண்ட் சி மில் என்று உன் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பார், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் உனக்குப் பாடம் எடுக்க நான் தேவைப்பட மாட்டேன்.

அடுத்து, போர் முடிந்தது 1918-ஆ, 1919-ஆ என்பது. 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அது போர்நிறுத்தம், பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் கையெழுத்தானது. (1940-இல் ஹிட்லர் அதே பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் வைத்துத்தான் பிரான்சிடம் கையெழுத்து வாங்கினார்.) ஜெர்மனியோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது வெர்சாய் அரண்மனையில், 1919 ஜூன் 28. சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து வருடம் ஆன நாள். 'போர் முடிவடைந்த ஆண்டு' என்று கேட்டால் 1918 எழுது, 'உடன்படிக்கை' என்ற சொல் வந்தால் 1919. உன் தோழி உடன்படிக்கையை மனதில் வைத்து எழுதியிருக்கிறாள். கேள்வியில் அந்தச் சொல் இல்லையென்றால் அவளுக்கு மார்க் கிடைக்காது, ஆனால் அவள் படிக்காமல் எழுதவில்லை என்று அவளிடம் சொல்லு.

இனி ராயபுரத்துத் தோழி. அவளோடு கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அவள் சொல்வதில் உயிர் இருக்கிறது. 1914 ஜூன் 28 அன்று கவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் சுட்டுக் கொன்றான். அது நடக்காமல் இருந்திருந்தால் அந்த வருடம் போர் வந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லு. கொலை ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியாமேல் போர் அறிவித்தது ஜூலை 28, முழுசாக ஒரு மாதம் கழித்து. ஜெர்மனி ரஷ்யாமேல் அறிவித்தது ஆகஸ்ட் 1, பிரான்சுமேல் ஆகஸ்ட் 3. பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்ததும் பிரிட்டன் இறங்கியது ஆகஸ்ட் 4. அந்த ஒரு மாதத்தில் நடந்ததுதான் உண்மையான காரணம் இருக்கும் இடம். செர்பியாவை நசுக்க ஆஸ்திரியாவுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? அதற்கு ஜெர்மனி ஏன் தைரியம் கொடுத்தது? ரஷ்யா ஏன் படை திரட்டியது? பிரிட்டனுக்குப் பெல்ஜியத்தின்மேல் என்ன அக்கறை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் பால்கன் தேசியவாதம், கடற்படைப் போட்டி, காலனிப் பங்கீடு, ரகசிய ஒப்பந்தம் எல்லாம் தானாக வந்து சேரும்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டணிகள் இருந்ததால் எல்லா நாடும் தானாக இழுக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தால் அது அரைகுறை விடை. இத்தாலி மூவர் கூட்டணியில் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும்தான் இருந்தது. போர் வந்ததும் ஒதுங்கி நின்றது, 1915 மே மாதம் எதிர்ப்பக்கம் சேர்ந்தே சண்டை போட்டது. ஆக, ஒப்பந்தம் யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. ஒவ்வொரு தலைநகரிலும் ஆட்கள் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். இத்தாலியைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் உன் ஐந்து மார்க் விடை நன்றாக நிமிர்ந்துவிடும். கேள்வி 'காரணங்களை விவரி' என்று பன்மையில் கேட்டதால் உன் விடைதான் கேள்விக்குப் பொருத்தம். 'உடனடிக் காரணம்' என்று கேட்டிருந்தால் அவள் விடை பொருந்தியிருக்கும்.

எம்டன் விஷயத்தில் அவள் சொல்வது சரியில்லை. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று அரை மணி நேரம் போலச் சுட்டது. குறி வைத்தது கடற்கரையோரம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல். அவை பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடிபட்டது, உயிர்ச்சேதமும் உண்டு. சுமார் 130 குண்டுகளில் சில ஊருக்குள்ளும் விழுந்தன, உயர் நீதிமன்ற வளாகமும் அதில் தப்பவில்லை. அங்கே சுற்றுச்சுவரில் அதற்கான நினைவுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. உங்களுக்குப் பாரிமுனை எட்டிப் பிடிக்கிற தூரம்தான், ஒரு லீவு நாளில் நாலு பேருமாகப் போய்ப் பாருங்கள். கோட்டைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் அதிக தூரமில்லை. உன் தோழிக்கு அதனால் குழப்பம் வந்திருக்கலாம்.

ஜெர்மன் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு எப்படி வந்தது என்பதை உங்களில் யாராவது யோசித்தீர்களா? அது ஜெர்மனியிலிருந்து கிளம்பி வரவில்லை. சீனக் கடற்கரையில் சிங்டாவ் என்ற துறைமுகத்தை ஜெர்மனி கையில் வைத்திருந்தது, எம்டன் அங்கே இருந்த படையைச் சேர்ந்தது. நீ 'காலனிப் போட்டி' என்று எழுதினாயே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சரயேவோவில் சுட்டது ஜூன் கடைசியில், பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4, சரியாக ஏழு வாரத்தில் மதராஸ் துறைமுகம் எரிகிறது. பயத்தில் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சேதம் பெரிதில்லை, ஆனால் பிரிட்டிஷ் கடற்படை காவலிருக்கும் கடலில் எதிரி வரவே முடியாது என்ற நம்பிக்கை அந்த அரை மணி நேரத்தில் போய்விட்டது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை முடக்கியது.

இதே மாதிரி தேதிச் சண்டை இரண்டாம் உலகப்போரிலும் வரும், முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே தெரிந்துகொள். போலந்துமேல் ஜெர்மனி பாய்ந்தது 1939 செப்டம்பர் 1, பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தது செப்டம்பர் 3. பேர்ல் துறைமுகத் தாக்குதல் அங்கே 1941 டிசம்பர் 7, அதே நேரம் ஜப்பானில் டிசம்பர் 8. ஐரோப்பாவில் வெற்றி நாள் மே 8 என்று லண்டனும் மே 9 என்று மாஸ்கோவும் கொண்டாடுவது, சரண் நடைமுறைக்கு வந்த அந்த இரவு நேரத்தில் மாஸ்கோவில் தேதி மாறிவிட்டதால். ஜப்பான் சரணை அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15, கப்பலில் கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 2. சென்னைக்கு இந்தப் போரின் பயம் 1942 ஏப்ரலில் வந்தது. கொழும்பிலும், அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அரசு அலுவலகங்களே கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த ஊர்களுக்கு மாறின. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று, சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாததால் மார்க் வராது, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பன்னாட்டுச் சங்கத்தில், அதாவது முதல் உலகப்போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த லீக் ஆஃப் நேஷன்ஸில், கடைசிவரை சேராத பெரிய நாடு அமெரிக்கா. அந்தச் சங்கம் வேண்டுமென்று முன்னின்றவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன்தான். ஆனால் அவர் நாட்டு செனட் வெர்சாய் உடன்படிக்கையை ஏற்கவில்லை. யாராவது ரஷ்யா என்றோ ஜெர்மனி என்றோ போட்டிருந்தால், அவர்கள் தொடக்கத்தில் வெளியே நின்றதை நினைத்துப் போட்டிருப்பார்கள். ஜெர்மனி 1926-இலும் சோவியத் நாடு 1934-இலும் சேர்ந்தன. இந்தியா என்று போட்டிருந்தால் முழுத் தப்பு. அடிமை நாடாக இருந்தபோதே இந்தியாவின் பெயரில் பிகானீர் மகாராஜா கங்கா சிங் வெர்சாயில் கையெழுத்திட்டார், சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று.

திருத்திய தாள் கைக்கு வந்ததும் முதலில் மார்ச் 1917-ஐப் பார். அதற்கு மார்க் விழாமல் இருந்தால் அழாதே, சண்டையும் போடாதே. பாடப்புத்தகத்தில் ஜார் பதவி விலகிய தேதி இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய், இரண்டு நாட்காட்டிக் கணக்கையும் உங்கள் ஆசிரியரிடம் சொல்லு. போகும்போது அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போ.